கற்பனைக்குக் கட்டணம் உண்டா?

(மூன்றாமாண்டு இளங்கலைப் பொருளியல் மாணவன், குத்தம்பாக்கம்)

கதை எழுதுவோரும் ஓவியம் தீட்டுவோரும் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். மலை முகட்டில் நின்றால் கவிதை வரும். கடல் கடந்து சென்றால் காவியம் வரும். பாரிசு நகரத்துத் தெருக்களில் நடந்தால் ஓவியம் தானே தூரிகையில் வந்து அமரும் என்றெல்லாம் நம்புகிறோம். அப்படியாயின், அரசு தரும் இலவசப் பேருந்து அட்டையே நம் பயணச் சீட்டு என்று வாழும் நம்மில் பெரும்பாலோர் என்ன செய்வது? இம்மலருக்குப் படைப்புகள் கேட்டுச் சுற்றறிக்கை வந்தபோது என் வகுப்பில் பாதிப்பேர் சொன்ன விடை ஒன்றுதான்: “எழுத நம்மிடம் என்ன இருக்கிறது?” அவ்விடையில் அடக்கத்தைவிட ஏக்கமே மிகுதி என்று எனக்குத் தோன்றியது. ஆகவே, படைப்புக்கான தூண்டுதல் உண்மையில் எங்கிருந்து கிடைத்திருக்கிறது என்பதைச் சிலரது வாழ்விலிருந்து எடுத்துக்காட்ட முனைகிறேன்.

பயணம் வேண்டாம் என்று வாதிடுவது என் நோக்கமன்று. தமிழ் இலக்கியமே ஒரு வகையில் வழிநடைப் பயணத்தில் பிறந்தது. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. எந்த வழியில் செல்லலாம், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எங்கே தங்கலாம் என்பனவற்றையெல்லாம் நம் முன்னோர் இலக்கியமாக்கினர். உலகில் வேறெந்த மொழியில் இப்படியொரு தனி இலக்கிய வகை உண்டோ, தமிழ்த்துறைப் பேராசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகளைக் கொண்டது, பத்துப்பாட்டிலேயே நீண்டது. அதில் பெரும்பகுதி மதுரையின் தெரு, கடை, கொடி, பகற்சந்தை, இரவுச்சந்தை, நள்ளிரவில் ஊர் அடங்கும் விதம். நகர வாழ்வு கவிதைக்கு ஆகாது என்று இன்று யாரேனும் சொன்னால், அவர் இப்பாட்டைப் புரட்டிப் பார்க்காதவர் என்றே கொள்ளலாம்.

இனி வடிவமைப்பைப் பற்றிச் சிறிது கூறுவேன். நாற்காலி, விளக்கு, பாத்திரம், கட்டடம், எழுத்து ஆகிய எதுவாயினும் அதன் உருவத்தையும் பயனையும் சேர்த்துச் சிந்திப்பதே வடிவமைப்பு. அமெரிக்காவைச் சேர்ந்த சார்லசு ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் கணவனும் மனைவியும் இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர்கள். இந்திய அரசின் அழைப்பின் பேரில் இங்கு வந்து, நாட்டைச் சுற்றிப் பார்த்து, 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். அவ்வறிக்கையின் வழியே 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அவ்வளவு பெரிய நாட்டில் அவ்வளவு பொருள்களைக் கண்டவர்கள், இந்தியாவில் தாங்கள் மிகவும் வியந்து போற்றும் பொருள் என்று எதைச் சொன்னார்கள் தெரியுமா? தாஜ்மகாலையன்று, சொம்பை!

ஆம், நம் வீட்டுத் திண்ணையில் உருண்டு கிடக்கும் அதே சொம்புதான். ஒரு மனிதன் மேசை முன் அமர்ந்து ஒரு சொம்பை வடிவமைக்கப் புகுந்தால் எத்தனை கேள்விகளுக்கு விடை காண வேண்டும் என்று அவர்கள் வரிசைப்படுத்தினர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? யார் கைக்கு அது அடங்க வேண்டும்? இடுப்பிலா, தலையிலா, எதில் வைத்துச் சுமப்பது? காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் ஊற்றும்போதும் அதன் எடை எப்பக்கம் சாய்கிறது? கழுவ உள்ளே கை போகுமா? தட்டினால் என்ன ஓசை? வெயிலில் தொட்டால் எப்படி இருக்கும்? இத்தனைக்கும் விடையாக நிற்கும் அச்சொம்பை வடிவமைத்தவர் என்று ஒரு தனி மனிதர் இல்லை. பல தலைமுறையினர் சிறிது சிறிதாகத் திருத்தித் திருத்தி உருவாக்கியது அது. இதைப் படித்த அன்று மாலை எங்கள் வீட்டுச் சொம்பை எடுத்துப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி விரல்கள் பற்றும் இடத்தில் ஒரு சிறு பள்ளம். இருபதாண்டுகளாக என் விரல்கள் அதில் போய் அமர்ந்திருக்கின்றன. என் கண் ஒரு நாளும் போனதில்லை.

கடல் கடந்து வந்தவர்கள் கண்டது நம் வீட்டுப் பொருளை. பழகிய கண்ணைப் புதிய கண்ணாக்குவதே பயணம் செய்யும் உதவி என்று கொண்டால், பயணம் செய்யாமலே கண்ணைப் புதிதாக்கிக்கொள்ள வழி உண்டா என்ற கேள்வி அடுத்து எழுகிறது. உண்டு என்பதற்குத் தாம்பரத்திலேயே சான்று இருக்கிறது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிப்ட் சிரோமணி. அவர் துணைவியார் இராணி சிரோமணி அதே கல்லூரியில் கணிதப் பேராசிரியர். இவ்விருவரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பொருள் என்ன தெரியுமா? வாசற்கோலமும் இலக்கணமும்! எழுத்துகள் சேர்ந்து சொல்லாவதற்கும், சொற்கள் சேர்ந்து தொடராவதற்கும் விதிகள் இருப்பதை நாம் அறிவோம். மொழிக்கு உள்ள இவ்விதிகளைக் கணிதக் குறிகளால் எழுதிக் காட்டலாம் என்று அமெரிக்க அறிஞர் நோம் சோம்ஸ்கி 1950களில் நிறுவினார். அவ்வாறாயின் படத்துக்கும் இலக்கணம் எழுதலாமே என்பது தாம்பரத்து அறிஞர்களின் சிந்தனை. அதற்கு அவர்களுக்குக் கிடைத்த சிறந்த எடுத்துக்காட்டு, நாள்தோறும் விடியலில் பெண்கள் வாசலில் போடும் புள்ளிக்கோலம். சிறு கோலம் ஒன்றை நான்கு முறை வைத்து நடுவில் இணைத்தால் பெரிய கோலம். அந்தப் பெரியதை மறுபடி நான்கு முறை வைத்தால் இன்னும் பெரியது. விதி ஒன்றே, உருவம் மட்டும் விரிந்துகொண்டே போகும். கணிப்பொறி அறிவியலில் பட மொழிகள் என்னும் பிரிவில் ஆராய்வோர் இன்றும் கோலத்தை எடுத்துக்காட்டுகின்றனர்.

இதை என் அக்காவிடம் சொன்னேன். அவர் திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முறைப்பணி பார்க்கிறார். பள்ளியில் படிக்கும்போது நன்றாக வரைவார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சென்னைக் கவின் கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்று விண்ணப்பப் படிவம்கூட வாங்கி வைத்திருந்தார். அந்த ஆண்டு வீட்டு நிலைமை இடம் தரவில்லை. படிவம் பீரோவில் இருந்தது. அக்கா வேலைக்குப் போனார். அவரிடம் இரு கோல நோட்டுகள் உண்டு. நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

“இதுல இன்னாடா கணக்கு இருக்குது? கை போற வழியில புள்ளிய சுத்திக்கினு வர வேண்டியதுதான்.”

“அந்தக் கை எந்த வழியில் போகணும்னு எப்படிக்கா தெரியுது?”

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நோட்டை எடுத்து, ஏழு புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றைக் காட்டி, இது ஒரே கோட்டில் முடியும், பக்கத்தில் இருப்பது மூன்று கோடு, இந்த ஒரு மூலையை மாற்றினால் அதுவும் ஒரே கோடாகிவிடும் என்றார். மாற்றியும் காட்டினார். நான் விரலால் தொடர்ந்து பார்த்தேன். புறப்பட்ட புள்ளிக்கே வந்து சேர்ந்தது. இதைச் செய்பவரைக் கலைஞர் என்பதா, கணித அறிஞர் என்பதா? அவருடைய தொழிற்சாலை அடையாள அட்டையில் வேறு ஏதோ எழுதியிருக்கிறது.

கோலம் தரையில் இருப்பது, சுவருக்கு வருவோம். எங்கள் குத்தம்பாக்கத்தைப் பற்றி நம் நண்பர்களுக்கு இப்போது தெரிந்திருப்பதெல்லாம் பெங்களூர் நெடுஞ்சாலையோரம் எழுந்த புறநகர்ப் பேருந்து நிலையம் ஒன்றுதான். “பஸ் ஸ்டாண்டு ஊரா?” என்கிறார்கள். பேருந்து நிலையத் திட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே எங்கள் ஊரைக் காண வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் வந்ததுண்டு. காரணம், வேதிப் பொறியியல் படித்து, ஊருக்கே திரும்பி வந்து, 1996 முதல் 2006 வரை ஊராட்சித் தலைவராக இருந்த இரங்கசாமி இளங்கோ. ஆட்சி முறை பற்றிய பாராட்டுகள் பல வந்துள்ளன. அவை வேறு கட்டுரைக்கு உரியன. நான் இங்கே பார்ப்பது அவர் செயல்களில் இருந்த வடிவமைப்பு அறிவை.

கழிவுநீர் வாய்க்கால் கட்ட வேண்டும், பணம் குறைவு. கருங்கல் மெருகேற்றும் ஆலைகளில் வெட்டி எறியப்பட்ட ஒழுங்கற்ற பலகைகள் குவிந்து கிடந்தன. அவற்றையே எடுத்து வாய்க்காலுக்குப் பாவினார். மதிப்பீட்டில் எழுதியபடி செய்யவில்லை என்று விசாரணை எழுந்து, பதவிக்கே இடையூறு வந்து, பின் நீங்கியது. 2001-இல் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். வீடுகளுக்கும் இதே முறைதான்: மண்ணை அழுத்திச் செய்த, சூளையில் சுடாத கற்கள். சூளை இல்லையென்றால் விறகு இல்லை, புகை இல்லை. கூலி உள்ளூர்க்காரருக்கே கிடைக்கும்.

இவற்றினும் என்னைக் கவர்ந்தது சமத்துவபுரத்து வீடுகள். தமிழக அரசின் சமத்துவபுரத் திட்டத்தில் ஓர் ஊருக்கு நூறு வீடுகள். பல சாதியாரும் கலந்து குடியிருக்க வேண்டும் என்பது விதி. பொதுவாக அவை தனித்தனி வீடுகள். குத்தம்பாக்கத்தில் அவற்றை இரட்டை வீடுகளாகக் கட்டினர். ஒரு பாதியில் தாழ்த்தப்பட்ட குடும்பம். மறு பாதியில் பிற சாதிக் குடும்பம். நடுவே இருவருக்கும் பொதுவாக ஒரே சுவர். ஒரு சுவரைக் குறைத்தால் செலவு குறையும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். எந்தச் சுவரைக் குறைப்பது என்பதில்தான் படைப்பு இருக்கிறது. பக்கத்து வீட்டில் குழந்தை அழுதால் கேட்கும். அம்மி அரைத்தால் கேட்கும். சண்டை நடந்தாலும் கேட்கும். சட்டமும் சொற்பொழிவும் அரும்பாடுபட்டுச் செய்ய முனைவதை ஒரு மண்சுவர் தன் போக்கில் செய்ய முயல்கிறது. முழுதும் செய்து முடித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஊரில் வாழ்கிறவன் அப்படிச் சொல்லக் கூசுவான். ஆயினும் ஒரு கட்டட வரைபடத்தில் இவ்வளவு பெரிய எண்ணத்தை எழுத முடியும் என்பதை நான் கற்றது அங்கேதான்.

இவ்வகைச் சிந்தனைக்கு நாடறிந்த முன்னோடி இலாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்த இக்கட்டடக் கலைஞர், இரண்டாம் உலகப் போரின்போது சீனத்தில் மருத்துவத் தொண்டு புரிந்துவிட்டுத் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருக்க நேர்ந்தது. அக்காத்திருப்பில்தான் காந்தியடிகளைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்களை ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டும் என்ற அண்ணலின் கருத்து அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. பின்னர் இமயமலையில் பித்தோராகர் பகுதியில் பல்லாண்டுகள் வாழ்ந்து, மலைவாழ் மக்கள் கல்லையும் மரத்தையும் கையாளும் முறையைக் கற்றார். பிறகு திருவனந்தபுரம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, இடையே வெற்றிடம் விட்டு அடுக்கும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையை அவர் பரப்பினார். கல்லில் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சம், உள்ளே வெப்பமும் குறைவு. திருவனந்தபுரம் பேருந்து நிலையத்தருகே, தம்பானூரில், அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் ஒரு குறுகிய மனையில் சுருள்போல் மேலேறுகிறது. இடம் போதாது என்ற குறையே அவ்வடிவத்தைத் தந்தது. 2007-இல் மறைந்த அவருடைய பயணங்களைக் கவனியுங்கள்: சுற்றுலாவாகச் சென்றது ஒன்றுகூட இல்லை. போரும் பணியும் கப்பல் தாமதமும் கொண்டுபோய்விட்ட இடங்களே அவருக்குப் பள்ளிக்கூடம்.

நகர வாழ்வுக்கு வருவோம். செக்கந்தராபாத்தில் பிறந்து, தந்தை மறைந்தபின் 1952-இல் சென்னைக்கு வந்தவர் எழுத்தாளர் அசோகமித்திரன். ஜெமினி ஸ்டூடியோவில் அவருக்குக் கிடைத்த வேலையில் பெரும்பகுதி, செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்புகளில் அடுக்குவது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வேலையாகவே தோன்றவில்லை என்று அவரே வேடிக்கையாக எழுதியுள்ளார். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் அப்பகுதியைப் படித்தோரும் உண்டு. வீட்டில் இடவசதி இன்மையால் தியாகராயநகர் நடேசன் பூங்காவின் இருக்கையில் அமர்ந்து எழுதியவர் அவர். 1970களில் வெளிவந்த அவருடைய ‘தண்ணீர்’ என்னும் புதினத்துக்குக் கருப்பொருள், தெருக்குழாயில் நீர் வராத சென்னை. குடமும் வரிசையும் பம்பும் தோண்டிப் போட்ட தெருவும்தான் அதில் நிகழ்ச்சிகள். அந்நகரத்துக்கு நீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி எங்கள் ஊருக்கு அருகில் உள்ளது. நூலைப் படித்தபின் ஏரிக்கரையில் நடக்கும்போது, இந்த நீர் எந்தத் தெருவில் எந்தக் குடத்தில் போய் விழும் என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

நம் பேருந்தும் அப்படித்தான். குத்தம்பாக்கத்திலிருந்து திருமழிசை, நசரத்பேட்டை, பூவிருந்தவல்லி, குமணன்சாவடி என்று வரும் வழியில் எத்தனை உலகங்கள்! ஆழ்வார் பிறந்த திருமழிசையிலேயே தொழிற்பேட்டையும் இருக்கிறது. பூவிருந்தவல்லி நிறுத்தத்தில் பூக்கூடைக்காரம்மா இரு கூடைகளை ஏற்றும் நுட்பத்தை ஈம்ஸ் தம்பதியர் கண்டிருந்தால் அறிக்கையில் இன்னொரு பக்கம் சேர்ந்திருக்கும். மெட்ரோ தூண்கள் எழுந்தபின் கடைக்காரர்கள் பெயர்ப்பலகைகளைத் தாழ்த்தியும் சாய்த்தும் மாட்டிய விதங்களை மட்டும் வைத்தே ஒரு சிறுகதை எழுதலாம். இன்று பலகைகள் பெரும்பாலும் கணிப்பொறி அச்சு. எனினும் பஞ்சர் கடைகளிலும் சில சலூன்களிலும் கையால் எழுதிய தமிழ் எழுத்து இன்னும் உண்டு. ஓவியர் கே. எம். ஆதிமூலம் இதழ்த் தலைப்புகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் தூரிகையால் எழுதிய தமிழ் எழுத்துகளைக் கண்டவர்கள், ஒரு ‘ழ’கரத்துக்குள் எவ்வளவு ஓவியம் இருக்கிறது என்பதை அறிவார்கள். (நம் கல்லூரி அறிவிப்புப் பலகையை எழுதுபவர் இதைப் படிப்பாராக!)

கடல் கடந்தோரையும் விட்டுவிடக் கூடாது. கல்கத்தாவில் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக இருந்த சத்யஜித் ரே, ‘பதேர் பாஞ்சாலி’ புதினத்தின் சிறுவர் சுருக்கத்துக்குப் படம் வரைந்தவர். 1950-இல் நிறுவனம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. அங்கே சில மாதங்களில் 99 திரைப்படங்கள் பார்த்தார். அவற்றுள் இத்தாலியப் படமான ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ அவரை உலுக்கியது. திருடுபோன ஒரு மிதிவண்டியும் உண்மையான தெருவுமே ஒரு படத்துக்குப் போதும் என்று கண்டவர், நாடு திரும்பிக் கல்கத்தாவின் புறத்தேயுள்ள போரால் என்னும் சிற்றூரில் படம் எடுத்தார். 1955-இல் வெளிவந்தது. பெருநகரின் ஓரத்தில் இருக்கும் சிற்றூர்! நம் ஊர்களைப் போன்றதுதான். முழுத் திரைக்கதைக்கு மாறாகக் குறிப்பேட்டில் காட்சி காட்சியாக அவர் வரைந்து வைத்திருந்த படங்களே படப்பிடிப்புக்கு வழிகாட்டின.

நம் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் 1954-இல் இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தவர். ஐரோப்பாவைப் பின்பற்றாத ஒரு நெறி வேண்டும் என்ற வேட்கை அவரிடம் வளர்ந்தது. அது கைகூடியது 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறிகளும்’ என்னும் ஓவிய வரிசையில். தூண்டுதல், ஒரு மாணவனின் கணக்கு நோட்டு! எண்களும் கோணங்களும் அடித்தல் திருத்தல்களுமாக இருந்த அப்பக்கத்தில் அவர் ஓர் ஓவியத்தைக் கண்டார். சாதகக் கட்டங்களும் எழுத்துப்போன்ற கிறுக்கல்களும் அவ்வரிசையில் இடம் பெற்றன. ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் அவரும் அவர் மாணவர்களும் நிறுவிய சோழமண்டலக் கலைக்கிராமம் இன்றும் உள்ளது. மாணவர்கள் மாநகரப் பேருந்திலேயே சென்று காணலாம். நம் கலைமன்றம் ஒரு சனிக்கிழமை ஏற்பாடு செய்தால் நலம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இம்மலருக்கு ஆண்டுதோறும் அட்டைப்படம் தேடி ஆசிரியர் குழுவினர் அலைவதை அறிவேன். அக்காவைக் கெஞ்சி அவருடைய இரண்டாம் கோல நோட்டிலிருந்து பதினான்கு பக்கங்களைப் படி எடுத்து, மலர்க்குழுப் பேராசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். கல்லூரி மாணவர் அல்லாதவர் வரைந்ததை அட்டையில் போட விதி இடம் தருமா என்று பார்த்துச் சொல்வதாகக் கூறியுள்ளார். தருமாயின், கீழே அக்காவின் பெயரையும் அச்சிட வேண்டும் என்று படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.